பின்னறையில் வியாழக்கிழமை

ஆப்பிரிக்காவின் தெற்கே ஒரு துறைமுக நகரத்தின் ஓரத்தில், குவாமாஷுவின் கே பிரிவில், மாதூபே வீட்டு முற்றத்துக்கு அப்பால் தனியாக நின்ற பின்னறையில், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக வியாழக்கிழமை பிற்பகல் நான்கு மணியாகவே இருந்தது. வெளியே என்ன கிழமை என்பது அறைக்குப் பொருட்டில்லை. மழை விட்ட பிறகு வரும் மஞ்சள் வெளிச்சம் ஜன்னல் வழியே விழுந்து கட்டிலின் கால்மாட்டோடு நின்றிருந்தது. ஜன்னல் கம்பியில் ஒரு துளி விழப்போகும் நிலையில் தொங்கியது. மேசைமேல் நீல எனாமல் கோப்பையில் தேநீர் இருந்தது, ஆவி வந்துகொண்டிருந்தது. கட்டிலின் ஓரத்தில் யாரோ உட்கார்ந்து எழுந்த பள்ளம். கை வைத்தால் சூடு தெரியும். பிரிவில் எல்லோருக்கும் இது தெரியும். தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவருக்கும் தெரியும்.

காரணம் ஒரு மடிக்கணினி. மாதூபேயின் மகன் முஸி அதில் பாட்டுச் செய்துகொண்டிருந்தான். அவனிடம் இருந்த மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும் சோதனைப் பதிப்பு. அதில் முரசு அடிக்கலாம், குரல் பதியலாம், முடித்த பாட்டை வெளியே எடுத்து யாருக்கும் அனுப்பலாம். ஒன்றை மட்டும் செய்ய முடியாது. மூடிய பாட்டை மறுபடி திறக்க முடியாது. சேமித்து வைத்தாலும் அது பூட்டிய பெட்டிதான். காசு கொடுத்துச் சாவி எண் வாங்கியவர்களுக்குத்தான் திறக்கும். கே பிரிவில் வாங்கியவர் யாருமில்லை. அதனால் உட்கார்ந்த உட்காரலில் பாட்டை முடித்துவிட வேண்டும். அடுத்த மின்வெட்டு எப்போது என்று பார்த்துவிட்டுத்தான் முதல் முரசுத் தட்டைப் போடுவார்கள். இதனால் அந்தப் பக்கத்துப் பாட்டுகள் வேறு ஊர்ப் பாட்டுகளைப் போல இருக்கவில்லை. அவை முன்னறிவிப்பு இல்லாமல் தொடங்கின. இரண்டு மூன்று சத்தங்களுக்குமேல் சேரவில்லை. முடிவு என்று ஒன்று அவற்றுக்கு வரவேயில்லை. மின்சாரம் போவதற்குள் தப்பித்த இடத்தில் அறுந்து நின்றன. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்காரர் இதைத் துணிச்சல் என்று எழுதினார்.

பாட்டுச் செய்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருந்தது. அதன் பெயர் ஒரே உட்காரல். ஒருவர் சேர்த்த சத்தங்களை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே எல்லோருடைய முரசும் ஒரே முரசு. பாட்டுகள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி முகஜாடையோடு பிறந்தன. புதிய பாட்டு முதலில், டாக்ஸி என்று அங்கே சொல்லும் சிற்றுந்துகளின் ஓட்டுநர்களுக்குப் போகும். பாலம் தாண்டுவதற்குள் பயணிகளின் முழங்கால் ஆடாவிட்டால் ஓட்டுநர் அதை அழித்துவிடுவார், காரணம் சொல்லமாட்டார். குழுவில் யாராவது தன் பாட்டைத் திருத்தி அனுப்பியதாகத் தெரிந்தால் அவ்வளவுதான். "பாட்டுக்கு இஸ்திரி போட்டியாமே, எங்க, கல்யாணத்துக்கா போவுது?" என்று கேட்டே ஆளை ஓட வைப்பார்கள். பின்னால் இரண்டொருவருக்கு வசதி வந்தபோதும் அவர்கள் சாவி வாங்கவில்லை. திரும்பிப் பார்க்க முடியாமல் இருந்தவர்கள் அதற்குள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தக் குழுவில் முஸியின் கைதான் சுத்தம் என்று பேர். அவன் அக்கா தோலகேலே, வீட்டில் தோலா, நகரத்து மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் மாலை முறையில் வேலை பார்த்தாள். வேலைக்குக் கிளம்பும் முன் பின்னறைக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்து, கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து, தம்பியின் பாட்டைக் குறை சொல்லிவிட்டுப் போவது அவள் வழக்கம். அந்த வியாழனும் மழை விட்டதும் வந்தாள்.

"இது என்னடா, யாரோ தகரத்தத் தள்ளிக்கிட்டு ஓடுற மாதிரி இருக்கு."

"அதாங்க்கா வேணும்."

"தொரத்துறது யாரு?"

"தகரத்துக்குச் சொந்தக்காரன்."

அவள் சிரித்தாள். ஒலிவாங்கி திறந்திருந்தது. முஸி அந்தச் சிரிப்பை வெட்டி, எட்டாவது சுற்றின் கடைசியில் வைத்தான். பாட்டு சுழன்று அங்கே வந்தபோது தோலா தன் சிரிப்பைத் தானே கேட்டு, அவன் தலையில் ஒரு தட்டு தட்டி, தேநீர் ஆறுவதற்குள் குடி என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இன்னும் ஒரு சத்தம் சேர்த்தால் பாட்டை வெளியே எடுத்துவிடலாம் என்று முஸி நினைத்தான். அது என்ன சத்தம் என்று தேடிக்கொண்டிருந்தபோது வாசல் கம்பிக்கதவருகே யாரோ அவன் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். தோலா ஏறிய டாக்ஸி நெடுஞ்சாலை மேம்பாலத்தின் கீழே புரண்டிருந்தது. அவன் கணினியை அப்படியே விட்டுவிட்டு ஓடினான்.

அடக்கம் முடியும்வரை அவன் பின்னறைக்குப் போகவில்லை. பிரதான வீட்டில் அம்மா மாதூபே தரையில் மெத்தை போட்டு, தோளில் கம்பளியோடு உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும் நாற்காலி நகர்த்துவதும் அவன் வேலையாக இருந்தது. கல்லறையிலிருந்து திரும்பிய அன்று ஒரு மேல்சட்டை எடுப்பதற்காகக் கதவைத் திறந்தான். வெளியே காலை வெயில். உள்ளே வியாழக்கிழமை நான்கு மணி. பாட்டு மெல்லிய சத்தத்தில் சுழன்றுகொண்டிருந்தது. எட்டாவது சுற்றில் தோலா சிரித்தாள். அவன் கோப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு மறுபடி திறந்து பார்த்தான். அப்படியே இருந்தது. அத்தனை நாளும் கே பிரிவில் மின்சாரம் ஒருமுறைகூடப் போகாததை அக்கம்பக்கத்தார் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்து, நம்ப முடியாதது அது ஒன்றுதான் என்றார்கள்.

பாட்டு மூடினால் திறக்காது. வெளியே எடுத்தால் முடிந்துவிடும். எனவே முஸி ஒன்றும் செய்யவில்லை. திறந்தபடி வைத்திருந்தான். அதுவே அவன் வேலையாயிற்று.

மின்வெட்டுகள் மறுபடி தொடங்கியதும் குழு அவனுக்காக முறை போட்டுக்கொண்டது. டாக்ஸி ஓட்டுநர் பெகானி, குழுவில் பாட்டுச் செய்யாத ஒரே உறுப்பினர், தன் பழைய வண்டியின் பாட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்தார். இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து குழுக்காரன் பிரெகி கோவிந்தர் தன் மாமாவின் கடையில் சும்மா கிடந்த இன்வெர்ட்டரைத் தூக்கி வந்து, கம்பி இழுத்து, "மாமா கேட்டா ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொல்லிருக்கேன். ரிப்பேர் முடியவே கூடாது, சரியா?" என்றான். மின்சாரம் போகும் நேரங்களில் இரண்டு பேர் உள்ளே காவல் இருந்தார்கள். சும்மா இருப்பானேன் என்று தங்கள் கணினிகளையும் கொண்டுவந்து பாட்டுச் செய்தார்கள். அறையின் சூடும் மழை விட்ட மணமும் அவர்களுக்குப் பிடித்திருந்தது. உள்ளே இருக்கும்போது தாடி வளராது, விரலில் பட்ட கீறல் ஆறாது, பசியும் எடுக்காது. வெளியே வந்ததும் எல்லாம் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். ஒருவன் தன் மகளின் பிறந்தநாள் விருந்துக்குப் பரிசோடு போய்ச் சேர்ந்தபோது அங்கே நாற்காலிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே செய்த பாட்டுகளில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை மேசைப்பக்கமிருந்து தோலாவின் சிரிப்பு வரும். அப்போது எல்லோர் கையும் பொத்தான்களிலிருந்து தானாக எழும்; சிரிப்பு முடிந்த பிறகுதான் இறங்கும். அவர்கள் பாட்டுகளிலும் அந்த இடத்தில் முரசு நின்றது. அவர்கள் அதைக் கவனிக்கவில்லை. பின்னறைக்கே வராத குழுக்காரர்கள் அந்தப் பாட்டுகளைக் கேட்டுத் தாங்களும் அங்கே நிறுத்தினார்கள். ந்துசூமாவில் நிறுத்தினார்கள், உம்லாசியில் நிறுத்தினார்கள். ஜொகன்னஸ்பர்க்காரர்கள் வழக்கம்போலத் தாமதமாகக் கற்றுக்கொண்டு, தங்கள் கண்டுபிடிப்பு என்றார்கள். அந்தப் பத்திரிகைக்காரர் மறுபடி வந்து, இந்த நிறுத்தத்துக்கு ஆப்பிரிக்காவின் ஆழமான காரணம் எதையோ சொன்னார். ஒரு பெண்ணின் சிரிப்பு அளவுக்கு அது நீளமாக இருந்தது என்பதை அவர் அளந்து பார்க்கவில்லை.

முஸி அந்தக் காலம் முழுவதும் ஒரு பாட்டும் செய்யவில்லை. செய்ய அவனிடம் இருந்தது ஒரே கணினி. அதில் வியாழக்கிழமை திறந்திருந்தது. மற்றவர்கள் செய்வதைக் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பள்ளத்தின்மீது யாரையும் உட்கார விடமாட்டான்.

மாதூபே அறைக்குள் வரவில்லை. அவளுக்கு வேறொரு காரியம் இருந்தது. சாலையில் செத்தவர்களைச் செத்த இடத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் அங்கேயே நிற்பார்கள். துக்க ஆண்டு முடிந்ததும் அவள் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு செத்தவர் ஏறிவரும் இலந்தைக் கிளையோடு மேம்பாலத்துக்கடிக்குப் போனாள். தம்பி கிளையைத் தரையில் தொட்டு, தோலா, நாங்க வந்திருக்கோம், வா, வீட்டுக்குப் போவோம் என்று சொன்னார். கிளையைச் சுமப்பவர் வழியில் செத்தவரைத் தவிர யாரோடும் பேசக் கூடாது. பெகானியின் டாக்ஸியில் தோலாவுக்கென ஒரு இருக்கையை விட்டார்கள். பாலம் வருது, இப்ப திரும்புறோம், இது நம்ம கடை என்று தம்பி வழியெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டில் ஆடு அறுத்தார்கள். கிளையை உள்ளறையின் மூலையில் சாத்தி வைத்தார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் வரும்போது கிளை கனக்கும் என்பார்கள், கனக்கவில்லை. அந்த இருக்கையின் ஸ்பிரிங் இறங்கவேயில்லை என்று பெகானியும் பிறகு ஒப்புக்கொண்டார். நாள் முழுக்க ஆள் ஏற்றி இறக்குகிறவருக்கு அது தெரியும். மாதூபே இன்னொரு முறை போய்வந்தாள். கிளை காய்ந்த குச்சியாகவே வந்தது.

அன்று முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டே மகனைக் கேட்டாள்.

"அவள நீ அங்க உக்கார வச்சிருக்கியா?"

"அவ அங்க இல்லம்மா. டீதான் இருக்கு."

"பாலத்துலயும் இல்ல."

அவள் காலியான வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதன்பிறகு அவர்கள் ஒரே வீட்டில் இருந்தும், தேவைக்குமேல் பேசிக்கொள்ளவில்லை. அவள் சாப்பாட்டு நேரத்தில் மூணு தட்டு எடுத்து வைப்பாள், ஒன்றைத் திரும்ப வைப்பாள். சில இரவுகளில் கனவில் தோலா வந்தாள். வேலை உடுப்பில், கையில் பையோடு, கதவைப் பார்த்தபடி நின்றாள். எங்கே நிற்கிறாய் என்று கேட்டால், இதோ கிளம்பிட்டேம்மா என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் ஆண்டு கணினியின் பாட்டரி உப்பியது. விசைகள் ஒரு பக்கமாக மேலெழுந்தன. உள்ளே விசிறி மணல் அரைப்பது போல் சத்தம் போட்டது. பிரெகி குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, இது அதிக நாள் தாங்காது என்றான். விஷயம் குழுவில் பரவியது. ஜெர்மனியிலிருந்து இந்தப் பாட்டுகளைக் கேட்கும் ஒருவர், யாரென்று யாருக்கும் தெரியாது, மென்பொருளின் சாவியை வாங்கி அனுப்பினார். பிரெகி அந்த எண்ணைத் தன் போனில் வைத்துக்கொண்டு சாட்ஸ்வொர்த்திலிருந்து மூச்சிரைக்க வந்தான்.

"சேமி. மூடு. வேற மெஷின்ல இந்த நம்பரப் போட்டா திறந்துக்கும். இனி எப்ப வேணா திறக்கலாம், எப்ப வேணா மூடலாம். முடிஞ்சுது உன் கஷ்டம்."

"திறந்தா வியாழக்கிழமையா இருக்குமா?"

பிரெகி ஜன்னல் கம்பியில் தொங்கிய துளியைப் பார்த்தான்.

"பாட்டு இருக்கும்டா. தட்டு, சிரிப்பு எல்லாம் வச்ச எடத்துல இருக்கும்."

"டீ?"

"டீக்கு அவங்க சாவி குடுக்கல," என்றான் பிரெகி. சொன்ன பிறகு அவனுக்கே அது வேடிக்கையாக இல்லை. எண்ணை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனான். முஸி அதைத் தொடவில்லை. கணினி கொதித்தது. அவன் ஈரத்துணியை மடித்து அதன் அடியில் வைத்தான், காய்ச்சல்காரருக்கு வைப்பது போல.

மறுநாள் மாதூபே கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். அடுப்பு வேலையின் நடுவே வந்தவள் போலக் கையில் துண்டு இருந்தது. வெளிச்சத்தையும் கோப்பையையும் பார்த்தாள். கட்டிலுக்குப் போய், பள்ளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். பாட்டு சுழன்று வந்தது. தோலா சிரித்தாள். மாதூபேயின் கை அசையவில்லை. அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தாள். அதற்கடுத்ததற்கும் காத்திருந்தாள்.

"இதே சிரிப்புதானா?"

"ஆமாம்மா."

"அவ ஒருநாளும் ஒரே மாதிரி ரெண்டு தடவ சிரிச்சதில்ல."

விசிறி அரைத்தது.

"வேலைக்கு நேரமாச்சு முஸி, அவளுக்கு," என்றாள் மாதூபே. திட்டுவது போல இல்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் காலத்தில் சொன்னது போலச் சொன்னாள். "எந்திரிச்சு கதவுகிட்ட நிக்குறா. மூணு வருஷமா கிளம்பிக்கிட்டே இருக்கா. கால் வலிக்காதா?"

அவன் கணினியின் அடியிலிருந்த ஈரத்துணியைத் திருப்பி வைத்தான். பிறகு, அந்தப் பாட்டில் இன்னும் ஒரு சத்தம் வைக்க வேண்டியிருந்தது, அது என்னவென்று கண்டுபிடிக்கவே இல்லை என்றான். அதற்கு அவள், டீயைக் குடித்தாயா என்று கேட்டாள். இல்லை என்றான்.

"அவ போட்டுக் குடுத்தத நீ குடிக்கவே இல்ல."

முஸி கோப்பையை எடுத்தான். மூன்று கரண்டி சர்க்கரை; அவனுக்கு இரண்டுதான் பிடிக்கும், தோலா ஒருநாளும் கேட்டதில்லை. நின்றபடியே, அடிவரைக்கும் குடித்தான். அம்மா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கணினிமுன் உட்கார்ந்தான். எட்டாவது சுற்று இன்னொரு முறை வரும்வரை விட்டான். சிரிப்பு முடிந்ததும் மூடும் பொத்தானை அழுத்தினான். மாற்றங்களைச் சேமிக்க வேண்டுமா என்று மென்பொருள் கேட்டது. பிரெகி எழுதிவைத்த தாள் பக்கத்தில்தான் இருந்தது. அவன் வேண்டாம் என்பதைத் தொட்டான்.

ஜன்னலில் துளி விழுந்தது. வெளிச்சம் போய், சாதாரண செவ்வாய்க்கிழமையின் சாம்பல் நிறம் வந்தது. கட்டிலின் பள்ளம் மெல்ல எழும்பி மட்டமானது. மாதூபே கையை எடுக்காமல், அது எழும்பி முடியும்வரை வைத்திருந்தாள்.

வீட்டு உள்ளறை மூலையில் சாத்தியிருந்த இலந்தைக் கிளையை அவள் கொண்டுவந்து மகனிடம் கொடுத்தாள். மேம்பாலத்துக்குப் போகத் தேவையில்லை. பின்னறையிலிருந்து வீட்டுக்கு முற்றத்தைக் கடந்தால் போதும். முஸி கிளையின் நுனியைக் கட்டிலில் தொட்டு, "அக்கா, வா, வீட்டுக்குப் போறோம்," என்றான். தூக்கியதும் கை தாழ்ந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கம்பிக்கதவருகே பாட்டரி மாற்ற வந்த பெகானி நின்றிருந்தார். என்ன தம்பி என்று ஆரம்பித்தவர், கிளையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். முஸி அவருக்குப் பதில் சொல்லவில்லை. அவன் வேறொருத்தியோடு பேசிக்கொண்டிருந்தான். "இது கொடிக்கயிறு, குனிஞ்சுக்கோ. இங்க தண்ணி தேங்கியிருக்கு. படி ஒண்ணு ஒடைஞ்சிருக்கு, நீ போனப்புறம் ஒடைஞ்சது, பாத்து." இடையில் இரண்டு முறை இறக்கி வைத்து மூச்சு வாங்கவேண்டியிருந்தது. பெகானி உதவிக்கு வரவில்லை; அது அவர் தூக்கக் கூடாதது. வாசற்படியில் மாதூபே நின்று, வந்துட்டியா என்று கேட்டு, வழி விட்டு ஒதுங்கினாள். அன்று அவள் எடுத்துவைத்த மூணு தட்டில் எதையும் திரும்ப வைக்கவில்லை.

அந்தப் பாட்டை அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. அன்றே அணைந்துபோன கணினி மறுபடி உயிர் பெறவில்லை. முஸி துறைமுகத்துக் கிடங்கில் வேலைக்குப் போனான். பிரெகி இன்வெர்ட்டரைக் கழற்றிக்கொண்டு போனபோது தன் பழைய கணினியை மேசையில் விட்டுப்போனான், மறந்தது போல. முஸி அதில் எப்போதாவது பாட்டுச் செய்கிறான். ஒரே உட்காரலில் முடித்து, வெளியே எடுத்து, மூடிவிடுகிறான். அவன் அதில் எட்டாவது சுற்றில் முரசை நிறுத்துவதில்லை, குழுவில் யாரும் ஏனென்று கேட்பதுமில்லை. தட்டு நேரே போகிறது. மற்ற எல்லோரும் இன்னும் நிறுத்துகிறார்கள்.

அந்த நிறுத்தம் வரும்போது டாக்ஸிகளில் வியாழக்கிழமை நான்கு மணியாகிறது. ஒரு சிரிப்பு நேரத்துக்குத்தான். மழை விட்ட வெளிச்சம் கண்ணாடி வழியே வந்து பயணிகளின் மடியில் விழுகிறது. பெர்யா சந்தை நிறுத்தத்தில் பணியாரம் விற்கும் பெண்களுக்கு இது வசதிதான். பாட்டுப் போட்ட வண்டி கடந்து போனால் நேற்றுப் பொரித்ததும் சூடாகிவிடுகிறது. போக்குவரத்துப் போலீசார் முதலில் சில வண்டிகளை நிறுத்திப் பார்த்தார்கள், எந்தச் சட்டத்திலும் சேராததால் விட்டுவிட்டார்கள். இப்போது அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முஸி பெகானியின் வண்டியில்தான் வேலைக்குப் போகிறான். மேம்பாலத்தை நெருங்கும்போது சில நாள் பாட்டும் அந்த இடத்துக்கு வந்துவிடும். முரசு நிற்கும். பேசிக்கொண்டிருப்பவர்கள் நிறுத்துவார்கள். வெளிச்சம் வரும். காலி இருக்கையில் பை வைத்திருப்பவர்கள், சொல்லிக்கொடுத்தது போல, அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். பிறகு தட்டு விழும், பைகள் இருக்கைக்குத் திரும்பும்.